மருந்துலகின் விடிவெள்ளி சுப்பாராவ்

தாராவியில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த குடும்பத்தின் கடைக்குட்டி. எங்கள் குடும்பமும் அவ்வழியே வந்ததுதான். சென்ற ஆண்டு, அவளுக்கு இரண்டரை வயது நடக்கையில், நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தவள் நடையில் தள்ளாடத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அடுத்து வாந்தி எடுப்பாள். உச்சிப்பொழுதில் ஒன்றும் நடவாதவள்போல் விளையாடுவாள். பித்தம் என்றார் ஒரு பாட்டி. குடலேற்றம் என்று வயிற்றைத் தடவிவிட்டார் ஒருவர். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார் மற்றொருவர். சந்திலே படித்த பிள்ளை என்று பெயர் வாங்கிய நானும் வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்றே எண்ணினேன். ஏழு வாரங்கள் இப்படியே கழிந்தன. பிறகுதான் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், சிறுமூளையில் கட்டி வளர்ந்திருப்பதாகக் கூறினர்.

அறுவை முடிந்தது. அடுத்து மருந்து. அவளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்று நல்ல மஞ்சள் நிறம். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அம்மருந்து உடலில் எந்த நொதியைத் தடுக்கிறது என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால், குழந்தையின் தாய், நான் அக்கா என்று அழைக்கும் அந்த அம்மையார், இந்த மருந்தை உலகுக்குக் கொடுத்த புண்ணியவான் யார் தம்பி என்று கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. வாய் மூடி நின்றேன். அன்று அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அந்தப் புண்ணியவான் வேறு யாருமல்லர். சென்னையில் படித்து, சென்னையில் தோற்று, சென்னையில் ஆசிரியராக இருந்து, கடல் கடந்து சென்று மீளாமலே மறைந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களே. அவர் ஒருவரே தனித்து நின்று அதைச் செய்தார் என்று சொன்னால் அஃது உண்மையாகாது. மூளைக் கட்டியைப் பற்றி அவர் தனியே ஆராய்ந்தவரும் அல்லர். நெடுஞ்சங்கிலி ஒன்றின் நடுக் கண்ணியாக அவர் நின்றார். அச்சங்கிலியின் முதற்கண்ணிகளுள் ஒன்று நம் பரேலில் இருக்கிறது என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது.

இளமையும் தோல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம், வறுமை சூழ்ந்த குடும்பம். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. படிப்பில் மனம் செல்லாத பருவத்தில், பதின்மூன்று வயதில், வீட்டைவிட்டு ஓடிக் காசிக்குச் சென்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று புறப்பட்டார் என்பர். தாயார் விடவில்லை, மீட்டுக் கொணர்ந்து மறுபடியும் பள்ளியில் அமர்த்தினார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறை தோற்றார். மறுமுறையும் தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை எழுதியபோதே வெற்றி கிட்டியது. ஒரு பாடத்தில் தவறிவிட்டால் உலகமே முடிந்துவிட்டதாகக் கருதி அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் நம் தோழர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் உலக விஞ்ஞானிகள் வியக்கும் ஆராய்ச்சி செய்தவர் பள்ளி வாயிலில் மூன்று முறை நின்று கதவைத் தட்டியவர்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு. அங்குப் பயிலுங்கால் இராமகிருஷ்ண மடத்தின்பால் உள்ளம் ஈர்க்கப்பட்டுத் துறவு பூண விரும்பினார். தாயார் இசையவில்லை. துறவு இல்லையெனில் தொண்டாவது செய்வோம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாராக வாய்த்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி புரிந்தனர். 1919ஆம் ஆண்டில் அவர் மகளான சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

கதராடையும் பட்டமும்

அண்ணல் காந்தியடிகள் அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு நாட்டை அழைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவைக் கூடத்துக்கும் கதரால் தைத்த மேலங்கியையே அணிந்து சென்றார். அறுவைத் துறையின் ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு என்ன? முழுப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேரும் வழியும் அடைபட்டது.

இடுக்கண் அத்துடன் நின்றபாடில்லை. ஸ்புரூ என்னும் வெப்பநாட்டு வயிற்றுப்போக்கு நோய் அவர் குடும்பத்தில் புகுந்தது. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காமல், குருதி வெளிறி, உடல் உருகி, நாளடைவில் உயிரைக் குடிக்கும் நோய் அது. உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் அந்நோய் கொண்டுசென்றது. சுப்பாராவையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகவும் அமர்ந்தார்.

மருத்துவம் படித்தும் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லையே என்ற வேதனை அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்க வேண்டும். அந்த முள் அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. மேனாட்டுக்குச் சென்று ஆராய்ச்சி பயில வேண்டும் எனத் துணிந்தார். மாமனாரும் காக்கிநாடாப் பகுதி அறக்கட்டளையும் உதவ, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவி ஊரில் இருந்தார். மூன்று ஆண்டில் திரும்புவதாக எண்ணம். அவர் திரும்பவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த மகன் மழலைப் பருவத்திலேயே மறைந்தான். தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களும் மாநிலம் கடந்தவர்களும் இந்த வரிகளைப் படிக்கும்போது சற்றே நிற்பார்கள். ஊரில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் தபாலிலே அறியும் வாழ்க்கை என்னவென்பது நம் தாத்தாமார்களுக்கு நன்கு தெரியும்.

பாஸ்டன் நகரில்

ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்க் கல்வியில் 1924இல் சான்றிதழ் பெற்றார். பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனை ஒன்றில் கடைநிலை ஊழியம். நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலையையும் அவர் இழிவாகக் கருதவில்லை. பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தார்.

1925இல் அவ்விருவரும் வெளியிட்ட முறை ஒன்று உலகப் புகழ் பெற்றது. குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை, ஒரு நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறை அது. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். சோதனைக் குழாயில் நீலம் படர்வதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். முறையின் பெயரில் இரண்டாவதாக நிற்கும் மனிதர் யார் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அம்முறையைக் கருவியாகக் கொண்டு தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பாரும் அதே காலத்தில் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். உயிர்களின் ஆற்றலுக்கு நாணயமாக விளங்குவது இந்த ஏ.டி.பி. நாம் கை அசைப்பதும் கண் இமைப்பதும் அந்த நாணயத்தைச் செலவிட்டே. 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டமும் பெற்றார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை. 1940இல் அவர் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரும் ஆனார்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். நீல நிற முறை வெளியான அதே 1925இல், அதே பாஸ்டன் நகரில், அறுவை மேதை ஹார்வி கூஷிங்கும் அவர் துணைவர் பெர்சிவல் பெய்லியும் சிறுவரின் சிறுமூளையில் தோன்றும் ஒரு கொடிய கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயரிட்டனர். குழந்தைகளின் மூளையில் தோன்றும் கொடிய கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. நோய்க்குப் பெயர் சூட்டியவரும், பின்னாளில் அதை எதிர்க்கும் மருந்துக்கு வழி திறந்தவரும் ஒரே நகரில் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். அந்த நோயும் அந்த மருந்தும் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பரேல் தந்த விதை

இனி நம் நகருக்கு வருவோம். 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் அன்றைய பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையம் அவர் பணியிடம். ஏழைக் கருவுற்ற பெண்களைக், குறிப்பாக நெசவாலைத் தொழில் செய்து வாழ்ந்த பெண்களைக், கொடிய இரத்தச் சோகை வாட்டியது. காரணம் கிருமியா, உணவா? அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று வில்ஸ் ஆராய்ந்தார். எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதித்தார். குன்னூரிலும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டில் அந்நோயை நீக்கும் சத்து ஒன்று இருக்கிறது என்று 1931இல் அறிவித்தார். சத்தின் பெயர் அன்று யாருக்கும் தெரியாது. வில்ஸ் காரணி என்றே அழைத்தனர்.

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். பரேல் பெண்களைக் காத்த சத்தும் இதுவே. கல்லீரலிலிருந்து குருதி ஊறவைக்கும் சத்துகளைப் பிரிக்கப் பல ஆண்டுகளாக முயன்றுவந்த சுப்பாராவின் குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டியது. அது ஸ்புரூ நோயைத் தீர்க்கவும் பயன்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து, அவர்கள் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின், அவர் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்தது. அந்நாளில் அவர் என்ன எண்ணியிருப்பார் என்பதை அண்ணன் தம்பியோடு பிறந்த எவரும் உணரலாம்.

திறக்காத சாவி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்கூறு வல்லுநர் இருந்தார். வெள்ளணுப் புற்றுநோயால் மாளும் குழந்தைகளின் உடலை அறுத்து ஆராய்வது அவர் வேலை. அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில திங்களிலோ மாண்டுபோகும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அன்றைய நிலை. ஃபோலிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் தணிவதற்கு மாறாக விரைவதாக ஃபார்பருக்குத் தோன்றியது. மற்றொருவராயின் மனமுடைந்திருப்பார். அவரோ எதிர்த் திசையில் சிந்தித்தார். இச்சத்து நோயை வளர்க்குமாயின், இச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்கலாம் அல்லவா?

அத்தகைய பொருள்கள் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருவாயின. அவர் தலைமையில் உழைத்த வேதியியலார், ஃபோலிக் அமிலத்தின் உருவத்தில் மிகச் சிறிய மாற்றம் செய்து அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கினர். அதன் உடன்பிறப்பே பின்னர் மெத்தோட்ரெக்சேட் என்று பெயர் பெற்றது.

அது வேலை செய்யும் முறை எளிது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைப் பயன்படும் நிலைக்குக் கொணர ஒரு நொதி வேண்டும். நொதியைப் பூட்டு என்று கொண்டால், ஃபோலிக் அமிலம் அதன் சாவி. மெத்தோட்ரெக்சேட் அச்சாவியைப் போலவே செய்த மற்றொரு சாவி. பூட்டினுள் நுழையும், ஆனால் திரும்பாது, எளிதில் வெளியிலும் வாராது. கதவு அடைபட்டுவிடும். ஓயாமல் பிரியும் புற்றணுக்கள் முதலில் சாகும். வாயின் உள்தோலும் குருதி ஊறும் எலும்புச் சோறும் விரைந்து பிரியும் அணுக்களால் ஆனவை. ஆதலால் அவையும் வாடும். வாய்ப்புண் வருவது இதனால்தான்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூன் 3ஆம் நாள் முடிவுகள் வெளிவந்தன. பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தணிந்த நோய் மீண்டும் வந்தது என்பதையும் ஃபார்பர் மறைக்கவில்லை. ஆயினும், மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் முதன்முதலாக அறிந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றபின், குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் அவ்வகை வெள்ளணுப் புற்றில் செல்வ நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் இன்று பிழைக்கின்றனர்.

யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வழங்கும் டை எத்தில் கார்பமசைன், டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் ஆகியனவும் அதே காலத்தில் அவர் தலைமையிலேயே வெளிவந்தன. ஆரியோமைசினை மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டறிந்தவர் எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர். சுப்பாராவ் அவரவர்க்குரிய பெருமையை அவரவர்க்கே விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பவர், மேடையை விரும்பாதவர்.

ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு திங்கள் கடந்த சில நாள்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

காவல் அரணைக் கடந்த கதை

மருந்து பிறந்துவிட்டது. ஆனால் மூளைக்குள் அதனால் எளிதில் புக முடியவில்லை. மூளையின் குருதிக் குழாய்கள் மற்ற உறுப்புகளின் குழாய்களைப் போன்றவை அல்ல. அவற்றின் சுவர் அணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று, வேண்டியதை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும். நஞ்சிலிருந்து மூளையைக் காக்கும் இந்த அரணே மருந்தையும் தடுக்கிறது. வெள்ளணுப் புற்று நீங்கிய குழந்தைகளிடமும், மூளையைச் சூழ்ந்த சவ்வில் ஒளிந்திருந்த அணுக்கள் மீண்டும் தலைதூக்கின. ஆகவே, முதுகுத் தண்டின் வழியே மூளை நீரில் நேரடியாக மெத்தோட்ரெக்சேட்டைச் செலுத்தும் முறை வந்தது.

அடுத்த கண்ணி ஒரு பாகிஸ்தானியர். அயூப் ஓமாயா என்னும் நரம்பு அறுவை மருத்துவர், 1963இல் ஒரு சிறு கருவியை அமைத்தார். தலைத் தோலுக்கு அடியில் பொத்தான் போன்ற சிறு கிண்ணம். அதிலிருந்து மூளையின் நீரறைக்குச் செல்லும் மெல்லிய குழாய். ஒவ்வொரு முறையும் முதுகில் குத்த வேண்டியதில்லை; கிண்ணத்தில் ஊசியிட்டு மருந்தைச் செலுத்தலாம். ஓமாயாவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

இதற்கிடையே கதிர்ச் சிகிச்சை வளர்ந்தது. மான்செஸ்டர் நகர மருத்துவர்கள், கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமன்றி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முழுவதுமாகக் கதிர் பாய்ச்சினால் மெடுல்லோபிளாஸ்டோமா கண்ட குழந்தைகள் பிழைக்க வழியுண்டு என்று 1953இல் காட்டினர். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் விலை கடுமையானது. மூன்று வயது நிரம்பாத குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. அதன்மேல் பாயும் கதிர், அறிவு வளர்ச்சியையும் உடல் வளர்ச்சியையும் குன்றச் செய்தது. உயிரைக் காத்துக் கல்வியைப் பறிப்பதா என்ற கேள்வி மருத்துவர்களை வாட்டியது.

இந்தக் கேள்விக்கு ஒரு விடை 2005இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட 43 குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் கதிர் கொடாமல் மருந்துகளை மட்டும் கொடுத்தனர். அவற்றுள் மெத்தோட்ரெக்சேட் நரம்பின் வழியே பேரளவிலும், ஓமாயாவின் கிண்ணத்தின் வழியே நேராக மூளை நீரிலும் செலுத்தப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 66 பேர் உயிரோடிருந்தனர். கட்டி முழுமையாக நீக்கப்பட்டு, பரவலும் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு 93 பேர். முன்பு கதிர் பெற்ற குழந்தைகளைவிட இவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டிருந்தது. எனினும் நலமான குழந்தைகளுக்கு இணையாக இல்லை. பலருடைய மூளையின் வெண்பகுதியில் மருந்தின் வடுவும் காணப்பட்டது. விஞ்ஞானம் வெற்றியைச் சொல்லும்போது வடுவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பேரளவில் கொடுத்தபின் உடலைக் காக்க மற்றொரு மருந்தைக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் ஃபோலினிக் அமிலம். நொதியின் உதவி வேண்டாத நிலையிலுள்ள அதே சத்து. பூட்டு அடைபட்டபின் நல்ல அணுக்களுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவது போன்றது அது. பரேல் பெண்களைக் காத்த சத்தின் மாற்று உருவம் புற்றைக் கொல்கிறது. அச்சத்தின் உறவே குழந்தையைக் காக்கிறது.

தொடரும் பணி

இன்று ஆராய்ச்சி மேலும் நுட்பமடைந்துள்ளது. மெடுல்லோபிளாஸ்டோமா ஒரே நோயன்று. மரபணுக்களின் இயக்கத்தைக் கொண்டு நான்கு பெரும் பிரிவுகளாக அதைப் பிரிக்கலாம் என்று 2012இல் ஆய்வாளர்கள் உடன்பட்டனர். ஒரு பிரிவில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். மற்றொரு பிரிவு மிகக் கொடியது. எந்தக் குழந்தைக்குக் குறைந்த சிகிச்சை போதும், எந்தக் குழந்தைக்கு மிகுதி வேண்டும் என்று முன்கூட்டியே அறிவதே இப்போதைய முயற்சி. மலிவான முறையில் அந்தப் பிரிவை அறியும் சோதனையை டாட்டா நினைவு மையத்தின் கார்கர் ஆய்வு நிலையமும் உருவாக்கியது. புரோட்டான் கதிரால் சுற்றியுள்ள நல்ல மூளைக்கு நேரும் பாதிப்பைக் குறைத்துக் கட்டியைத் தாக்கும் கருவியும் 2023 முதல் அங்கே இயங்கத் தொடங்கியது. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம், பாபாட்ரான் என்னும் கோபால்ட் கதிர்க் கருவியை உள்நாட்டிலேயே செய்தளித்தது. மூளைத் தண்டில் பரவி வளரும் கட்டிக்கு இன்னும் முழுத் தீர்வு கிட்டவில்லை. அந்தக் கண்ணியைச் சேர்க்கும் கை எவருடையதோ?

லெடர்லிக்குப் பிறகும் சுப்பாராவின் பெயர் ஒரு காளானுக்கு 1953இல் சூட்டப்பட்டது. நூற்றாண்டு நிறைவில், 1995இல், இந்திய அரசு அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் தெலுங்கர், நாம் தமிழர். ஆனால் அவருக்குக் கல்வியும் காயமும் தந்தது நம் சென்னை. நோய்க்கு மொழியில்லை, மருந்துக்கும் இல்லை. ஆந்திரத்தில் பிறந்தவர், இங்கிலாந்துப் பெண்மணி, பாஸ்டன் மருத்துவர், பாகிஸ்தானிய அறுவை வல்லுநர், ஜெர்மன் ஆய்வாளர் ஆகிய இத்தனை பேர் கைமாற்றிக் கொடுத்த மருந்துதான் தாராவிக் குழந்தையின் தலைமாட்டில் மஞ்சளாகத் தொங்கியது. அவர்களுள் எவரும் அக்குழந்தையை அறியார்.

தோழர்களே, சயானில் மின்தொடர் ஏறினால் மாதுங்கா, தாதர், அடுத்துப் பரேல். அங்கேதான் வில்ஸ் அம்மையார் உழைத்த நிலையம் இருக்கிறது. வெள்ளணுப் புற்றால் 1931இல் மறைந்த மெகர்பாய் டாட்டா அம்மையாரின் நினைவாக 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. சங்கிலியின் தொடக்கமும் பயனும் ஒரே வட்டாரத்தில் இருக்க, நாம் அதன் வழியே நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வருகிறோம்.

நாம் எல்லோரும் சுப்பாராவ் ஆகிவிட முடியாது. ஆனால் ஏழு வாரங்களை வீணாக்காமல் இருக்க முடியும். காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், திடீரென்று மாறுகண், கைக்குழந்தையாயின் தலை அளவுக்கு மீறிப் பெருத்தல் ஆகிய இவை தொடர்ந்தால், பித்தம் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று நம் சந்துகளில் சொல்ல முடியும். இத்தகைய குறிகளுள் பெரும்பாலானவை வேறு எளிய காரணத்தால் வந்தவையாகவே இருக்கலாம். இருந்தாலும் பார்த்துவிடுவது நன்று. ஊரிலிருந்து புதிதாய் வந்து இந்தியும் மராத்தியும் தெரியாமல் மருத்துவமனை வரிசையில் கையில் சீட்டோடு திகைத்து நிற்கும் நம் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் பக்கத்தில் நின்று மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்ல முடியும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுது போதும்.

எங்கள் சந்துக் குழந்தைக்கு மருந்து முடிந்துவிட்டது. முடி முளைத்திருக்கிறது. இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். மூன்று திங்களுக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அக்கா உண்ணாமல் காத்திருப்பார். சென்ற முறை நானும் உடன் சென்றேன். வரிசையில் நிற்கும்போது சுப்பாராவின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். மூன்று முறை தேர்வு எழுதியதையும், மலச்சட்டி கழுவியதையும், மகனைக் காணாமலே இருந்ததையும் கேட்டு அவர் கண் கலங்கினார். அவருக்குப் பிள்ளை இல்லாமல் போயிற்றே என்று வருந்தினார். அடுத்த நொடியே தம் மடியில் இருந்த மகளைப் பார்த்துச் சிரித்தார்.

விடியலுக்கு முன் எழுவது விடிவெள்ளி. பகலவன் வருவதற்குள் அது மறைந்துவிடும். சுப்பாராவும் அவ்வாறே மறைந்தார். அவர் காணாத பகலில் நாம் வாழ்கிறோம். அந்தப் பகலை வீணாக்காமல் இருப்பதே நாம் அவருக்குச் செய்யும் நன்றி.